வீட்டுக் கணினியில் போர் விமானம் ஓட்டப் பழகுவது எப்படி?

போன கோடை விடுமுறைக்கு அக்கா மகன் விழுப்புரத்திலிருந்து கடலூருக்கு வந்திருந்தான். மேசைமேல் ஜாய்ஸ்டிக்கைப் பார்த்ததும் பையைக்கூட இறக்காமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். விமானம் ஓடுபாதையில் ஓடியது, எழும்பியது, பத்தாவது விநாடி தலைகீழாகக் கவிழ்ந்து கடலில் விழுந்தது. விழுந்த கையோடு அவன் கேட்டது: "மாமா, மிசைல் எந்த பட்டன்?"

சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. நானும் முதல் மாதம் முழுக்க அந்தப் பட்டனைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். ஏவுகணை விடத் தெரிந்தது, இறங்கத் தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் பாராசூட்டில் குதித்து வீடு வந்தேன். அப்புறம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஒரே விமானத்தை ஒரே ஓடுபாதையில் ஏற்றி இறக்கிப் பழகத் தொடங்கிய பிறகுதான் இந்தப் பொழுதுபோக்கு பிடிபட்டது. புதிதாக வருகிறவர்கள் அந்த ஒரு மாதத்தை வீணாக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எதில் தொடங்குவது?

டிசிஎஸ் வேர்ல்ட் என்ற போர் விமான சிமுலேட்டரில் தொடங்குங்கள். முக்கியமான காரணம், அடிப்படைத் தொகுப்பு இலவசம். அதோடு காகசஸ் நிலப்பரப்பும் மரியானா தீவுகளும் காசில்லாமல் வருகின்றன. இரண்டு விமானங்களும் இலவசம்: தரைத் தாக்குதலுக்கான ரஷ்ய ஜெட் சு-25டி, இரண்டாம் உலகப் போர்க் காலத்து முஸ்டாங்கின் ஆயுதமில்லாத வடிவமான டிஎஃப்-51டி. இவை இரண்டும் ஆறு மாதத்துக்குத் தாராளமாகப் போதும்.

எஃப்-16 மட்டும்தான் வேண்டும் என்றால் ஃபால்கன் பிஎம்எஸ் இருக்கிறது. 1998-இல் வந்த ஃபால்கன் 4.0-இன் உரிமம் கையில் இருந்தால் போதும், மேம்படுத்திய தொகுப்பு இலவசம். அதன் போர்க்களம் நீங்கள் பறந்தாலும் பறக்காவிட்டாலும் தன்பாட்டுக்கு நடந்துகொண்டே இருக்கும், அருமையானது. ஆனால் முதல் நாளே நூற்றுக்கணக்கான பக்கக் கையேட்டைத் திறக்க வேண்டிவரும். பழைய புரொப்பல்லர் விமானங்கள் பிடிக்கும் என்றால் ஐஎல்-2. மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரில் ஊர் அழகாகத் தெரியும், எங்கள் கடலூர் சில்வர் பீச்சுக்கு மேலேகூடப் பறக்கலாம், ஆனால் சுடுவதற்கு அதில் எதுவும் இல்லை.

நம்மவர்கள் உடனே கேட்பது, சூலூரில் இருக்கும் தேஜஸும் தஞ்சாவூரில் இருக்கும் சுகோய்-30-உம் உண்டா என்று. அதிகாரபூர்வத் தொகுப்பாக டிசிஎஸ்ஸில் இரண்டும் இல்லை. மிக்-21 இருக்கிறது. 1963-இல் நம் விமானப் படைக்கு வந்து 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்ற விமானம், ஆசை வருவது இயல்புதான். ஆனாலும் முதல் விமானமாக அதை வாங்காதீர்கள். இறங்கும் வேகம் மிக அதிகம். அதன் ஃபிளாப்புகளுக்கு (இறக்கையின் பின்னோரத்தில் இறங்கித் தூக்குவிசையைக் கூட்டும் பலகைகள்) எஞ்சினிலிருந்துதான் காற்று போகிறது, இறங்கும்போது பயந்து எஞ்சினை அடக்கினால் தூக்குவிசையும் சேர்ந்து குறைந்து, விமானம் கல் போல விழும். ஒரு வருடம் கழித்து வாங்கினால் ரசித்து ஓட்டலாம்.

விமானம் வாங்குவதற்கு முன் இன்னொன்று. டிசிஎஸ்ஸின் சொந்த இணையதளத்திலிருந்து நிறுவினால், காசு கொடுத்து வாங்க வேண்டிய பெரும்பாலான விமானங்களை 14 நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம். ஸ்டீம் என்ற இணையக் கடை வழியாக நிறுவினால் அந்த வசதி கிடையாது. வருடத்தில் சில தடவை பாதி விலைக்கும் போடுவார்கள். முழு விலை கொடுத்து அவசரப்படுவதில் அர்த்தமே இல்லை.

கணினியும் கைப்பிடியும்

கணினியில் 16 ஜிபி ராம் இருந்தால் ஓடும், 32 இருந்தால் நிம்மதி. ஹார்ட் டிஸ்க்கில் போடவே போடாதீர்கள், எஸ்எஸ்டி வேண்டும், அதில் 100 ஜிபிக்கு மேல் காலியிடம் வேண்டும். பதிவிறக்கத்தை ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். கிராஃபிக்ஸ் கார்டு பழையதாக இருந்தால் நிழல், மேகம் இரண்டையும் குறைத்தாலே பாதிச் சுமை இறங்கிவிடும்.

விசைப்பலகையால் ஓட்ட முடியுமா என்றால், முடியும். சைக்கிளை ஹேண்டில்பார் இல்லாமல் ஓட்டுவதுபோல. ஒரு ஜாய்ஸ்டிக் கட்டாயம். எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் திராட்டில் நெம்புகோலும், கைப்பிடியை முறுக்கினால் ரட்டர் (மூக்கை இடவலமாகத் திருப்பும் வால் பலகை) வேலை செய்யும் வசதியும் அதிலேயே இருந்தால் தொடக்கத்துக்கு அது போதும். வாங்கும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள்: உள்ளே ஹால் சென்சாரா, பொட்டன்ஷியோமீட்டரா? பின்னதில் கார்பன் தடத்தின்மேல் ஒரு முனை உரசிக்கொண்டே இருக்கும். தேயும், தூசி சேரும், நாளடைவில் கைப்பிடியைத் தொடாமலே விமானம் நடுங்கும். ஹால் சென்சாரில் உரசல் இல்லை, காந்தப்புலத்தை அளக்கிறது. திரஸ்ட்மாஸ்டர் டி.16000எம், விகேபி கிளாடியேட்டர் இரண்டிலும் கைப்பிடிக்கு இந்த உரசாத வகைதான்.

கடலோரத்தில் இருக்கிற நமக்கு இது கூடுதல் முக்கியம். தேவனாம்பட்டினம் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும், ஜன்னல் கம்பியையே உப்புக்காற்று தின்றுவிடும். என் முதல் ஜாய்ஸ்டிக்கின் யூஎஸ்பி முனை ஒரே மழைக்காலத்தில் பச்சை பூத்தது. இப்போது பறந்து முடித்ததும் ஒரு பழைய துண்டைப் போட்டு மூடுகிறேன், மாதம் ஒருமுறை முனைகளில் கான்டாக்ட் கிளீனர் அடிக்கிறேன். யூபிஎஸ்ஸும் வாங்கிவிடுங்கள். கடைசி 200 அடியில் கரண்ட் போகும் வலியை வேறு எதனோடும் ஒப்பிட முடியாது.

காசு மிச்சம் இருந்தால் அடுத்து வாங்க வேண்டியது பெரிய திரை இல்லை. தலையசைவைப் பின்தொடரும் வசதி. போர் விமானத்தில் பாதி வேலை கழுத்துக்குத்தான், இறங்கும்போது தோளுக்குப் பின்னால் ஓடுபாதையைத் தேட வேண்டும், சண்டையில் எதிரியைக் கண்ணிலிருந்து விடக்கூடாது. இதற்குச் செலவே இல்லாத வழி ஓப்பன்டிராக் என்ற இலவச மென்பொருள். அதில் நியூரல்நெட் என்ற தேர்வைப் போட்டால் சாதாரண வெப்கேமராவே உங்கள் முகத்தைப் பின்தொடரும். நீங்கள் 10 டிகிரி திரும்பினால் திரையில் 60 டிகிரி திரும்பும்படி வைத்துக்கொள்ளலாம். இரண்டு நாள் தலை சுற்றும், மூன்றாம் நாள் அது இல்லாமல் உட்கார முடியாது.

பறக்கும் முன் ஒரு மணி நேரம்

விட்டுவிடாமல் செய்ய வேண்டிய படி இது. டிசிஎஸ் புதிதாக ஒரு கருவியைக் கண்டதும் அதன் அச்சுகளை (கைப்பிடியின் ஒவ்வொரு அசைவுத் திசையும் ஓர் அச்சு) தானாகவே எதனோடாவது இணைத்துவிடும். இரண்டு கருவி செருகியிருந்தால் இரண்டும் ஒரே வேலைக்குப் போய் உட்காரும். நான் இரண்டாம் கையாகத் தனித் திராட்டில் ஒன்று வாங்கி வந்த வாரம், விமானம் எழும்பியதும் இடது பக்கமாகவே புரண்டது. கைப்பிடியை வலப்பக்கம் எவ்வளவு சாய்த்தாலும் கேட்கவில்லை. விமானம் கெட்டுவிட்டது என்று முழுத் தொகுப்பையும் அழித்து மறுபடி இறக்கினேன், இரண்டு ராத்திரி போனது. கடைசியில் பார்த்தால் திராட்டிலில் இருந்த ஒரு சின்னச் சக்கரம் ரோல் (பக்கவாட்டில் சாய்ப்பது) அச்சோடு இணைந்திருந்தது.

ஆகவே அமைப்புப் பக்கத்தில் அச்சுகளுக்கான பட்டியலைத் திறந்து, எல்லாக் கருவிக்கும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பிட்ச் (மூக்கை ஏற்றி இறக்குவது), ரோல், ரட்டர், திராட்டில் என்று நான்கை மட்டும் நீங்களே இணையுங்கள். திராட்டில் தலைகீழாக வேலை செய்தால் இன்வர்ட் பெட்டியைத் தட்டுங்கள். பிட்ச், ரோல் இரண்டுக்கும் வளைவு அளவை 15 அல்லது 20 வையுங்கள், நடுப்பகுதியில் கை கொஞ்சம் மென்மையாக விழும். அப்புறம் காக்பிட்டில் உட்கார்ந்து வலது கன்ட்ரோலோடு என்டரைத் தட்டினால், திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் வரும். உங்கள் கை அசைவது அதில் புள்ளியாக ஓடும். கையை எடுத்தால் புள்ளி நடுவில் அசையாமல் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் பறக்காதீர்கள்.

ஏறி, திரும்பி, இறங்கி

இனி இரண்டு வாரத்துக்கு உங்கள் ஊர் பத்தூமி. ஜார்ஜியாவில் கருங்கடல் ஓரத்து விமான நிலையம். நமக்குச் சூரியன் கடலில் உதிக்கும், அங்கே கடலில் மறையும். நிலத்தின் பக்கம் மலைகள் நிற்பதால், தொடக்கக்காரர் கடல் பக்கமாகவே போய்க் கடல் பக்கமாகவே திரும்புவது நல்லது. கடலூர் துறைமுக முகத்துவாரத்தில் போட் வெளியே போய் அதே வழியாக உள்ளே வருவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். மிஷன் எடிட்டரில் (பறப்பை நாமே அமைக்கும் பக்கம்) காற்று வேகத்தைச் சுழியாக்கி, சு-25டி-யை ஓடுபாதையில் எஞ்சின் ஓடும் நிலையில் நிறுத்துங்கள். குண்டு, ஏவுகணை எதுவும் ஏற்றாதீர்கள், எரிபொருளும் பாதி போதும்.

ஃபிளாப்பை எஃப் விசையால் இறக்கி, திராட்டிலை முழுதும் தள்ளி, வேகம் வந்ததும் கைப்பிடியை மெதுவாக இழுத்தால் எழும்பிவிடும். ஜி விசையைத் தட்டிச் சக்கரத்தை மடக்குங்கள், ஃபிளாப்பையும் ஏற்றுங்கள். 500 மீட்டர் உயரத்தில் நேராக நிறுத்தப் பாருங்கள். ரஷ்ய விமானமாதலால் கருவிகள் மீட்டரிலும் கிலோமீட்டரிலும் காட்டும், நமக்குப் பழகிய அளவு. அமெரிக்க விமானத்துக்கு மாறும்போது அடியும் நாட்டும் வரும். ஒரு நாட் என்றால் மணிக்கு 1.852 கிலோமீட்டர்.

இங்கேதான் டிரிம், அதாவது கையை எடுத்தாலும் விமானம் அதே நிலையில் நிற்கும்படி சரிசெய்வது. நேராகப் பறக்கக் கைப்பிடியை முன்னால் தள்ளியே பிடித்திருக்கிறீர்கள், மணிக்கட்டு வலிக்கிறது. பலர் இதுதான் பறப்பது என்று நினைத்துக்கொண்டு மாதக்கணக்கில் வலியோடு ஓட்டுவார்கள். கைப்பிடியின் மேலே உள்ள நான்கு திசைப் பொத்தானை டிரிம்முக்கு ஒதுக்குங்கள். மூக்கு எங்கே வேண்டுமோ அங்கே கையால் பிடித்துக்கொண்டு, அழுத்தம் குறையும்வரை பொத்தானைத் தட்டித் தட்டி விடுங்கள். பிறகு கையை எடுங்கள். எனக்கு முதல் முறை அது சரியாக அமைந்தபோது, கையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். விமானம் தானாகப் போய்க்கொண்டிருந்தது. வேகம் மாறினால் டிரிம்மும் மாறும், அதனால் இந்தத் தட்டல் இறங்கும்வரை நிற்காது.

கடலுக்குள் 15 கிலோமீட்டர் போனதும் திரும்ப வேண்டும். வெறுமனே 180 டிகிரி திரும்பினால் ஓடுபாதைக்கு நேராக வராது, பக்கவாட்டில் தள்ளி வரும். அதற்கு விமானிகள் வைத்திருக்கும் தந்திரம்: முதலில் வலப்பக்கம் 80 டிகிரி, உடனே இடப்பக்கம் 260 டிகிரி. பத்தூமியிலிருந்து திசைகாட்டியில் 305 டிகிரியில் போனவர் 25-க்குத் திரும்பி, அங்கிருந்து இடமாகச் சுற்றினால் 125-இல் வந்து நிற்பார், ஓடுபாதை மூக்குக்கு நேரே இருக்கும். சாய்வு இரண்டு திருப்பத்திலும் ஒரே அளவாக இருந்தால்தான் கணக்கு உதைக்காது.

இறங்குவதற்கு ஒரு மனக்கணக்கு போதும். ஒரு கிலோமீட்டருக்கு 50 மீட்டர். 10 கிலோமீட்டரில் 500, ஐந்தில் 250, இரண்டில் 100. வேகத்தை மணிக்கு 400 கிலோமீட்டருக்குக் கீழே கொண்டுவந்து சக்கரம், ஃபிளாப், பிறகு 280-ஐ ஒட்டி வையுங்கள். புதியவர் எல்லாரும் செய்யும் தவறு, தாழ்ந்துவிட்டால் மூக்கைத் தூக்குவது. தூக்கினால் வேகம் செத்து இன்னும் தாழும். வேகம் மூக்கால், உயரம் திராட்டிலால் என்று மாற்றி யோசித்துப் பழகுங்கள். ஜெட் எஞ்சின் பைக் மாதிரி முறுக்கியதும் இழுக்காது, சுழற்சி ஏற ஒன்றிரண்டு விநாடி பிடிக்கும். தேவைப்படுவதற்கு முன்பே தள்ளி, தேவை முடிவதற்கு முன்பே குறைக்க வேண்டும். தரை தொட்டதும் பி (P) விசைக்கு வால் பாராசூட் விரியும், டபிள்யூ விசைக்குப் பிரேக்.

ஓடுபாதையின் தொடக்கத்திலேயே சக்கரம் பட வேண்டும் என்பதில் கறாராக இருங்கள். பத்தூமியில் நீளம் தாராளம், நடுவில் இறங்கினாலும் நின்றுவிடும், அதனால் கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும். நம் புதுச்சேரி லாஸ்பேட்டை ஓடுபாதை சுமார் 1500 மீட்டர்தான். அங்கே இறங்கும் ஏடிஆர் விமானத்தை ஒருநாள் பாருங்கள், சக்கரம் எங்கே படுகிறது என்று. தொடர்ந்து பத்துத் தடவை உடையாமல் இறக்கும்வரை அடுத்த பகுதிக்குப் போகாதீர்கள். எனக்கு 17 நாள் ஆனது.

இடையில் சலித்தால் டிஎஃப்-51டி-யில் ஏறுங்கள். புரொப்பல்லர் சுழலும் வேகத்தில் விமானம் இடப்பக்கம் பிடுங்கிக்கொண்டு ஓடும். ரட்டர் டிரிம்மை 6 டிகிரி வலப்பக்கம் வைத்து, கைப்பிடியைப் பின்னால் இழுத்துப் பிடித்தால் வால்சக்கரம் பூட்டிக்கொள்ளும், திராட்டிலை நிதானமாக ஏற்றலாம். கால் என்று ஒன்று இருப்பதை இந்த விமானம்தான் ஞாபகப்படுத்தும்.

அணைந்த விமானத்தை எழுப்புவது

இனி ஒரு முழு விவர விமானம் எடுக்கலாம். என் தேர்வு எஃப்/ஏ-18சி ஹார்னெட். இறங்குவதில் மன்னிக்கும் குணம் கொண்டது, எல்லா வேலையும் செய்யும். காக்பிட்டில் ஒவ்வொரு சுவிட்சையும் மவுஸால் தட்டலாம். பார்த்தால் மலைப்பாக இருக்கும், ஆனால் வரிசை இவ்வளவுதான். பேட்டரி. ஏபியு (பெரிய எஞ்சினைக் கிளப்ப உதவும் சின்னத் துணை எஞ்சின்), பச்சை விளக்கு எரியும்வரை காத்திருக்க வேண்டும். வலது எஞ்சினைச் சுழற்றி, 10 சதவீதம் தாண்டியதும் வலது திராட்டிலை ஐடிலுக்கு (எஞ்சின் சும்மா ஓடும் நிலை). அது நிலைத்ததும் எஞ்சின் காற்றைப் பகிரும் பிளீட் ஏர் குமிழை ஒரு முழுச் சுற்று. இடது எஞ்சினுக்கும் அதே சுழற்சி, அதே ஐடில். திரைகள், ஐஎன்எஸ் (விமானம் இருக்கும் இடத்தைக் கணக்கிடும் கருவி) குமிழைத் தரை நிலைக்கு, ரேடார், ஆக்சிஜன். எஃப்சிஎஸ் (பறப்புக் கட்டுப்பாட்டுக் கணினி) ரீசெட், டேக்ஆஃப் டிரிம், ஃபிளாப் பாதி. ஐஎன்எஸ் தன் இடத்தைக் கண்டுபிடிக்கச் சில நிமிடம் எடுக்கும், 0.5 என்று காட்டியதும் விட்டுவிடலாம். இடது விண்டோஸ் விசையோடு ஹோமைத் தட்டினால் எல்லாம் தானாக நடக்கும், ஆனால் அப்படி நடந்தால் எந்த சுவிட்ச் எதற்கு என்பது கடைசிவரை தெரியாது.

இதை நான் கற்றது கணினியில் இல்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் கரை கடந்து, அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகி, எங்கள் தெருவில் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். மெழுகுவத்தி வெளிச்சத்தில் அணைந்த திரைக்கு முன் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, கை எந்தப் பக்கம் போக வேண்டுமோ அங்கே நீட்டி, வாயால் சொல்லிச் சொல்லிப் பழகினேன். "யாருக்குடா மந்திரம் சொல்ற?" என்றார் அம்மா. உண்மையான விமானிகளும் இப்படித்தான் நாற்காலியில் உட்கார்ந்து ஒத்திகை பார்ப்பார்கள். கரண்ட் வந்த அன்று ஒரு தடவைகூடக் காகிதத்தைப் பார்க்கவில்லை.

ஹார்னெட் இறங்கும் முறை சு-25டி போல இல்லை. சக்கரம், முழு ஃபிளாப் இறக்கியபின் டிரிம் செய்வது வேகத்துக்கு அல்ல, காற்றை இறக்கை சந்திக்கும் கோணத்துக்கு. 8.1 டிகிரி வந்ததும் ஹட்டின் (விமானியின் கண்முன் விவரம் காட்டும் கண்ணாடி) பக்கத்தில் மஞ்சள் வட்டம் எரியும். அதற்கப்புறம் கைப்பிடியைப் பின்னால் இழுக்காமல், திராட்டிலால் மட்டும் ஏற்ற இறக்கம் பார்த்து, தரையில் அப்படியே மோதுவது போல உட்கார வைக்க வேண்டும். கப்பலில் இறங்குவதற்கென்றே செய்த விமானம், அதன் கால்கள் தாங்கும்.

இப்போது மிசைல் பட்டன்

ஆயுதத்தில் முதலில் பீரங்கியும் வழிகாட்டல் இல்லாத சாதாரணக் குண்டும். ஹட்டில் சிசிஐபி முறையைப் போட்டால் குண்டு எங்கே விழும் என்பதை ஒரு புள்ளி காட்டிக்கொண்டே இருக்கும், அது இலக்கின்மேல் வரும்போது விடுவதுதான் வேலை. புள்ளியைத் துரத்தாதீர்கள், இலக்குக்கு நேராக வந்து அது தானாக ஏறிவரக் காத்திருங்கள். குண்டு விட்டபின் ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்து மலையில் மோதியவர்களில் நானும் ஒருவன். ரேடாரும் ஆம்ராம் ஏவுகணையும் அதற்குப் பிறகு. வாரம் ஒரு ஆயுதம் என்று வைத்துக்கொண்டால் மண்டையில் நிற்கும்.

வான் சண்டைக்கு முதல் பாடம் உயரம். உயரம் என்பது சேமித்து வைத்த வேகம், கீழே பாய்ந்தால் எடுத்துக்கொள்ளலாம். கடலூர்க்காரர்களுக்கு இது புதுசில்லை. 1783 ஜூனில் நம் கடலுக்கு முன்னால் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சஃப்ரனும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் பல நாள் சுட்டுக்கொள்ளாமல் சுற்றிச் சுற்றி வந்தது, காற்று வரும் பக்கத்தைப் பிடிக்கத்தான். 15 கப்பல் வைத்திருந்த சஃப்ரன் அதைப் பிடித்துக்கொண்டு, ஜூன் 20 அன்று 18 கப்பலோடு மோதினார், ஹியூஸ் சென்னைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. பாய்மரத்துக்குக் காற்று எதுவோ, ஜெட்டுக்கு உயரம் அது. கைப்பிடியை வயிற்றோடு இழுத்து ஒரே திருப்பத்தில் எல்லா வேகத்தையும் செலவழித்தவர், அடுத்த 20 விநாடிக்கு வெறும் குறி.

தனியாகப் பழகியது போதும் என்றால் ஆன்லைனில் சேரலாம். எஸ்ஆர்எஸ் என்ற இலவச வானொலி மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள், விமானத்தில் நீங்கள் வைத்திருக்கும் அலைவரிசையில்தான் பேச்சு கேட்கும். புதியவன் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் யாராவது ஒருவர் கூடவே பறந்து காட்டுவார். ஓடுபாதையில் நுழையும் முன் கேட்டுவிட்டு நுழைந்தால் போதும், வேறு மரியாதை எதுவும் எதிர்பார்க்க மாட்டார்கள்.

வானத்தில் டேங்கர் பின்னால் நின்று எரிபொருள் நிரப்புவதை மட்டும் முதல் வருடம் தொடாதீர்கள். கூடையில் குழாயை நுழைக்கவே எனக்கு இரண்டு மாதம் ஆனது. நுழைத்தபின் 30 விநாடிக்கு மேல் இன்னும் ஒட்டி நிற்க வரவில்லை. அக்கா மகன் அடுத்த விடுமுறைக்கு வருகிறான், அவன் இப்போது பத்தூமியில் 280-இல் இறங்குகிறானாம்.